தண்ணிக்கு எந்தப் பக்கம்

மத்தோக்கே வாழைக்காய்ப் பொதியைப் பிரிக்கும்போதே நாகிவாலா வானத்தைப் பார்த்துக்கொண்டாள். தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் ஆறு வருகிற திசையில், கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால், மேகம் கறுத்துத் தாழ்ந்து கிடந்தது. மபீரா காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், மழை முதலில் முசாம்யா ஆற்றில்தான் வந்து சேரும். ஊருக்குள் பிறகுதான் பெய்யும்.

காட்டில் நடக்க வருகிறவர்களுக்காகக் கிதோலா ஊர்க் குழு போட்டிருந்த கொட்டகை அது. நாகிவாலா அங்கே சமைக்கிறாள். அவள் கணவன் லுபேகா வந்தவர்களைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போகிறவன். வாரம் முழுக்கக் கம்பாலாவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்குவார்கள். மர நிழலில் நடப்பார்கள், ஆற்றுப் பள்ளத்தில் இறங்குவார்கள், அருவிக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து காலை நனைப்பார்கள், மூச்சு வாங்க ஏறி வந்து சாப்பிடுவார்கள். இன்று வந்திருந்தது ஒரே ஒரு தம்பதி. வடக்குச் சீமைக்காரர்கள். மனைவி லமுனு பள்ளி ஆசிரியை, கணவன் ஒச்சான் ஏதோ அலுவலகத்தில்.

வெந்த வாழைக்காயை இலையோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தி மசித்துக்கொண்டிருந்தபோது லமுனுவின் குரல் முதலில் வந்தது. ஆள் பிறகுதான் வந்தாள்.

"அக்கா, சாப்பாடு ஆச்சா? ஆகலேன்னா இந்த மனுஷனைத் தூக்கி அடுப்புல வையுங்க. நடக்கத்தான் லாயக்கில்ல, வேகவாவது வேகட்டும்."

"புது ஷூ கடிக்குதுன்னு சொல்றேன்," என்றான் ஒச்சான், ஒரு காலைத் தாங்கித் தாங்கி.

"ஷூ கடிக்குதாம். போன மாசம் பழைய ஷூ கடிச்சுது. உங்க காலுல அப்படி என்னதான் ருசியோ!"

நாகிவாலா சிரித்தாள். முட்டி போட்டு இரண்டு பேருக்கும் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். வேர்க்கடலைக் குழம்பை ஊற்றி, கீரையை ஓரத்தில் வைத்தாள். லுபேகா அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றான். உட்காரவில்லை. பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டினான், பிறகு அடுப்புப் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"வந்தவங்க போயிட்டாங்களா?"

"யாரு வந்தவங்க?"

"உங்கம்மா."

நாகிவாலாவின் கை இலை மேலேயே நின்றது. "எங்கம்மாவா? இங்க எதுக்கு வர்றாங்க?"

"அதத்தான் நானும் நினைச்சேன். அருவியிலிருந்து ஏறி வர்றோம், பெரிய முவூலே மரத்துக்கிட்ட எதிர்ல வந்தாங்க. உடுப்பப் பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். ஒதுங்கி நின்னுட்டேன்."

அந்தப் பக்கத்தில் மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் வரக்கூடாது. ஒரே பாதையில் வந்துவிட்டால், முதலில் பார்த்தவர் விலகி மரத்தையோ புதரையோ பார்த்து நிற்க வேண்டும். மற்றவர் போன பிறகுதான் திரும்பலாம். ஒரே கூரைக்குக் கீழே உட்காருவது கிடையாது. கை பட்டுவிட்டால் ஒபுகோ வரும் என்பார்கள். கையும் தலையும் நிற்காமல் நடுங்குகிற நோய். கம்பாலாவில் படிக்கிற பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே, மாமியார் வரும்போது எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். லுபேகாவின் பெரியப்பா ஒருவர் சாகும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தார். காரணம் என்ன என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

"எந்தப் பக்கமாப் போனாங்க?"

"நான் எப்படிப் பாக்க முடியும்? மரத்தப் பாத்துக்கிட்டு நின்னேன். நம்ம வீட்டுக்குத்தான் வந்திருப்பாங்க, உன்னப் பாத்துட்டுத் திரும்பியிருப்பாங்கன்னு..."

அதற்குள் அவள் மடியில் கிடந்த கைபேசி அடித்தது. அவளுடைய அண்ணன் வஸ்வா. ஆற்றுக்கு அந்தக் கரையில், அம்மாவோடு இருப்பவன், மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைப்பவன். எடுத்த எடுப்பில் கத்தினான்.

"நாகிவாலா, அம்மா அங்க வந்தாங்களா? வெளியில கொக்கி போட்டுட்டுத்தான் போவேன், இன்னிக்கு ஒரு சவாரி அவசரப்படுத்தினான், மறந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சொல்றா, மகளப் பாக்கப் போறேன்னு காட்டுப் பக்கம் போச்சாம்."

"இங்க வரலண்ணே."

"வரலியா? வரலேன்னா எங்க போச்சு?"

அவள் கைபேசியை அணைத்தாள். கொக்கி என்ற சொல்லை லுபேகா கேட்டுவிட்டான். அவன் முகத்தில் அது தெரிந்தது.

"எதுக்கு உங்கம்மாவ உள்ள வச்சுக் கொக்கி போடணும்?"

இரட்டைப் பிள்ளை பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நலோங்கோ என்பதுதான் மரியாதை. நாகிவாலாவின் அம்மாவை ஊர் முழுக்க நலோங்கோ என்றுதான் அழைத்தது. போன கரும்பு வெட்டுக்கு முன்பிருந்தே நலோங்கோவுக்கு ஒவ்வொன்றாக நழுவத் தொடங்கியிருந்தது. முதலில் பெயர்கள். பிறகு அடுப்பை மூட்டிவிட்டுப் பானையை வைக்க மறப்பது. ஒருநாள் நாகிவாலா பார்க்கப் போயிருந்தபோது, அவள் தலையைத் தடவிவிட்டு, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா, நல்ல முடி" என்றாள். நாகிவாலா சிரித்தாள். திரும்பி வரும் வழியில் மரப்பாலத்தில் உட்கார்ந்து அழுதாள். அண்ணனும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள், லுபேகாவுக்குச் சொல்வதில்லை என்று. மாமியாரின் குறையை மருமகன் காதில் போடுவது அவளை அவன் முன்னால் துணியில்லாமல் நிறுத்துவது போல.

அது மட்டும்தானா என்று நாகிவாலா தன்னையே பல தடவை கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு லுபேகாவைப் பிடித்ததே இல்லை. "ஆளுங்க நடக்கறத முன்னால நின்னு பாக்கறதெல்லாம் ஒரு வேலையா? காலு இருக்கிறவன் நடக்கறான், இவன் எதுக்கு?" என்று ஊருக்குக் கேட்கும்படி சொன்னவள். அது லுபேகாவின் காதுக்கு வந்தது. அவன் அதை மறக்கவில்லை. அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று தெரிந்தால் அவன் வருத்தப்படுவான் என்று அவளுக்குத் தெரியும். வருத்தப்படுவதற்கு முன்னால், ஒரு நொடி, உள்ளுக்குள் அவன் சிரித்துவிடுவானோ என்பதுதான் பயம். அந்த ஒரு நொடியை அவளால் மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை.

"அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லங்க," என்றாள் இப்போது. "ரொம்ப நாளாவே. வழி தெரியாது. ஆளு தெரியாது. தனியா விடக்கூடாது."

லுபேகா குச்சியைக் கீழே போட்டான். "இத இப்பச் சொல்றியா?"

"உங்ககிட்ட எங்கம்மாவப் பத்தி எப்படிச் சொல்ல?"

"நான் முகத்தத் திருப்பிட்டு நின்னேனே! சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? பாத்திருப்பீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த லமுனு எழுந்து வந்தாள், விரல்களில் குழம்போடு. "அந்த அம்மாவா? தோளு கூர் வச்ச உடுப்பு, மஞ்சப் பூ? அவங்க உங்கம்மாவா?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தனே. பேசினேன். நல்லா சிரிச்சாங்க. இவரு மரத்துக்குள்ள புகுந்துடற மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னாரு, நான் ஒண்ணுக்குப் போறாரோன்னு நினைச்சேன்." சொன்ன பிறகுதான் லுபேகாவைப் பார்த்து நாக்கைக் கடித்தாள். "அவங்க வழி கேட்டாங்க. முதல்ல இவர் முதுகப் பாத்துத்தான் கேட்டாங்க. இவரு வாயத் திறக்கல. அப்புறம் நான் சொன்னேன்."

"என்ன கேட்டாங்க?"

"தண்ணிக்கு எந்தப் பக்கம்னு. நாங்க அருவியிலிருந்துதான வந்தோம்? இப்படியே நேராப் போங்கம்மான்னு கையக் காட்டினேன். நன்றி சொல்லிட்டு இறங்கிப் போனாங்க." அவள் குரல் தேய்ந்தது. "தப்பாச் சொல்லிட்டனா?"

நாகிவாலா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காது கேட்காதவன் அல்ல. அடுத்த மலையில் இருவாச்சி இறக்கை அடிப்பதைக் கேட்டு நின்று ஆட்களுக்குக் காட்டுகிறவன்.

"கேட்டிச்சா உங்களுக்கு?"

"கேட்டிச்சு."

"ஏன் சொல்லல?"

"என்னைக் குத்தறாங்கன்னு நினைச்சேன்." அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அந்த ஆத்துத் தண்ணியத் தலையில சுமந்து வளந்தவங்க தண்ணிக்கு வழி கேக்கறாங்கன்னா, வேற என்ன நினைக்க? வழி காட்டறவனாச்சே, எங்க காட்டு பாப்போம்னு, வெளியூர்க்காரங்க முன்னால... அப்படித்தான் நினைச்சேன்."

நாகிவாலா அடுப்பிலிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். வானத்தின் அந்த மூலையில் இப்போது மேகத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் கோடுகள் இறங்கியிருந்தன. அங்கே பெய்கிறது.

லுபேகா ஏற்கனவே கொட்டகையைத் தாண்டிவிட்டான். லமுனு கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

"நீங்க இருங்கம்மா, கால் வழுக்கும்," என்றாள் நாகிவாலா.

"கையக் காட்டினது நான். இருந்து என்ன பண்றது, இவர் காலப் பாத்துக்கிட்டா?"

காடு எப்போதும்போல இருந்தது. அதுதான் நாகிவாலாவுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களுக்குப் பிடித்த அதே பச்சை வெளிச்சம், அதே ஈர இலை மணம், செவ்வால் குரங்கு ஒன்று கிளைவிட்டுக் கிளை தாவும் சலசலப்பு. பாதையில் உதிர்ந்த இலை மெத்தை மாதிரிக் காலை வாங்கிக்கொண்டது. லுபேகா முன்னால் போனான். மற்ற நாட்களில் அவன் நடை பின்னால் வருகிறவர்களின் மூச்சைக் கேட்டு அளந்து வைக்கும் நடை. இன்று யாருக்காகவும் நிற்கவில்லை. வேர்களைத் தாண்டித் தாண்டிப் போனான். முதுகுச் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது. அந்த முதுகைத்தானே அம்மா பார்த்தாள், என்று நினைத்துக்கொண்டாள் நாகிவாலா. அதைப் பார்த்துத்தானே கேட்டாள்.

முவூலே மரத்தடியில் அவன் குனிந்தான். ஈர மண்ணில் செருப்பில்லாத சின்னப் பாதம், கீழே இறங்குகிற திசையில்.

"செருப்பு எங்க போச்சு?" என்றாள் லமுனு. "அப்பப் போட்டிருந்தாங்களே."

கொஞ்ச தூரத்தில் அது கிடந்தது. இரண்டு செருப்பும் பாதையோரத்தில் சேர்த்து ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன, வீட்டு வாசலில் விடுவதுபோல. நாகிவாலா அவற்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஆற்றின் சத்தம் கேட்டது. காலையில் மெல்லிதாகக் கேட்கிற சத்தம் அல்ல. அடியில் கல் உருளுகிற சத்தம்.

"வேகமா வா," என்றான் லுபேகா. இறங்கிய பிறகு அவன் பேசிய முதல் சொல் அதுதான்.

அருவிக்குக் கீழே முசாம்யா பாறைகளின் மேல் விரிந்து ஓடும். வெயில் நாட்களில் கல்லுக்குக் கல் கால் வைத்து நடு ஆற்றின் தட்டைப் பாறைக்குப் போய் உட்காரலாம். வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் படம் எடுத்துக்கொள்வார்கள். இப்போது கால் வைக்கும் கற்கள் எதுவும் வெளியே தெரியவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. தட்டைப் பாறை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பாய் அகலத்துக்கு இருந்தது. அதன்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நலோங்கோ தன் தலைத்துணியைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

நலோங்கோ நிமிர்ந்து பார்த்தாள். கையை ஆட்டினாள். "வந்துட்டியா? அழுக்கெல்லாம் கொண்டா. தண்ணி நல்லா வருது."

நாகிவாலா செருப்பைப் போட்டுவிட்டு ஆற்றில் இறங்கினாள். முதல் அடியில் முழங்கால், இரண்டாவது அடியில் இடுப்பு. மூன்றாவது அடிக்குத் தரையில்லை. தண்ணீர் அவளைப் பக்கவாட்டில் சாய்த்தது. லுபேகா பின்கழுத்துத் துணியைப் பற்றிக் கரைக்கு இழுத்துப் போட்டான்.

"உன் உயரத்துக்கு நிக்காது. நான் போறேன்."

"நீங்க எப்படி?"

அவன் பூட்ஸைக் கழற்றினான். மேலே கொஞ்ச தூரம் போய் இறங்கினான். அடியில் இருக்கும் கற்கள் அவன் பாதத்துக்குப் பழக்கம். ஒவ்வொன்றாகத் தேடி மிதித்து, உடம்பை நீரோட்டத்துக்குச் சாய்த்து, நெருங்கினான். பாதி ஆறு தாண்டிவிட்டான். அப்போது நலோங்கோ அவனைப் பார்த்தாள்.

மகளைத் தெரியாமல் போகிற அந்தப் பெண்ணுக்கு, வழி தெரியாமல் போன அந்தப் பெண்ணுக்கு, மருமகனைத் தெரிந்தது. ஈரத் துணியை எடுத்து முகத்தை மூடினாள். எழுந்து, அவனுக்கு முதுகு காட்டாமல், பின்னால் ஓர் அடி வைத்தாள்.

"அம்மா, நகராத! பின்னாடி தண்ணி!"

லுபேகா இன்னும் ஓர் அடி வைத்தான். அவளும் ஓர் அடி வைத்தாள். குதிகால் பாறையின் விளிம்பில் இருந்தது. அதற்குப் பின்னால் ஆழம், அருவி காலகாலமாக இடித்துக் குடைந்த குழி.

"நில்லுங்க!" என்று கத்தினாள் நாகிவாலா. "நீங்க போகப் போக அவங்க பின்னால போறாங்க. நில்லுங்க!"

லுபேகா நின்றான். மார்பளவு தண்ணீர் அவனைச் சுற்றிக் கிழிந்து போனது.

"அவங்களக் கண்ண மூடிக்கச் சொல்லுங்க!" லமுனு கரையில் குதித்தாள். "இல்ல, இவரக் கண்ண மூடச் சொல்லுங்க! யாராவது மூடுங்களேன்!"

யாரும் சிரிக்கவில்லை. லுபேகா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான். பிறகு, மிக மெதுவாக, ஆற்றுக்குள்ளேயே திரும்பினான். மாமியாருக்கு முதுகு, மனைவிக்கு முகம். அவ்வளவு நேரமும் அவனுடைய முதுகையே பார்த்து வந்த நாகிவாலா இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் வருத்தமும் சிரிப்பும் எதுவும் இல்லை. பயம்தான் இருந்தது. தன்னுடையது போலவே.

"நான் பின்னாலேயே போறேன்," என்றான். "கல்லு எங்க இருக்குன்னு நீ சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும், தண்ணிக்குள்ள?"

"தண்ணி எங்க மேல எழும்புதோ அங்க கல்லு. பாத்துச் சொல்லு."

அவள் பார்த்தாள். இத்தனை வருஷமாக இந்த ஆற்றை அவள் குடத்தால் பார்த்திருக்கிறாள், துணியால் பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. "இடது கால். கொஞ்சம் பின்ன. இன்னும். அங்கதான். இப்ப வலது... இல்ல, வேணாம், அங்க சுழிக்குது. இடதுலேயே இன்னொரு அடி." அவன் குருடன்போலப் பின்னால் பின்னால் போனான். நலோங்கோ துணி இடுக்கு வழியே அந்த முதுகைப் பார்த்தாள். திரும்பி நிற்கிற ஆண். இது சரி, இது தெரிந்த விஷயம். அவள் விளிம்பிலிருந்து நகர்ந்து பாறையின் நடுவுக்கு வந்தாள்.

லமுனு காய்ந்த கிளை ஒன்றைக் கொண்டுவந்து நீரோட்டத்தில் விட்டாள். லுபேகா அதைப் பிடித்து, தோளுக்கு மேலே பின்பக்கம் நீட்டினான்.

"பிடிச்சுக்கச் சொல்லு."

"அம்மா, குச்சியைப் பிடி. கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு இறங்கி வா."

"அவன் யாரு?"

அதற்குள் அம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. "ஆத்தக் கடத்திவிடறவரும்மா. பிடி."

நலோங்கோ பிடித்தாள். தலைத்துணியைப் பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவளுக்குக் கழுத்தளவு. லுபேகா ஓர் அடி வைத்து, நின்று, கிளையின் கனத்தைப் பார்த்து, அடுத்த அடி வைத்தான். இப்போது அவன் தானே பேசிக்கொண்டு வந்தான், காற்றைப் பார்த்து, யாரிடமும் இல்லாதது போல. "இங்க ஒரு கல்லு. வழுக்கும். வலது பக்கம் போக வேணாம். நேரா. நேரா." அந்தக் குரலைக் கம்பாலாக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். நலோங்கோ இன்றுதான் கேட்கிறாள்.

கரைக்குக் கொஞ்சமே இருந்தபோது ஒரு மரத்துண்டு மிதந்து வந்து அவளை இடித்தது. தலை தண்ணீருக்குள் போனது. கிளை முறிந்தது. லுபேகா திரும்பவில்லை. ஆனால் கையைப் பின்னால் வீசினான், அகல விரித்து. அதில் எதுவோ சிக்கியது. சிக்கியதை விடாமல் அப்படியே முன்னால் பாய்ந்தான். இரண்டு பெண்களும் சேர்ந்து இழுத்ததில் மூன்று பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

நலோங்கோ இருமினாள், துப்பினாள், தலைத்துணியைத் தேடினாள். லுபேகா எழுந்து, ஒருவர் பக்கமும் பார்க்காமல், பூட்ஸை எடுத்துக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டான்.

"உடுப்பத்தான் பிடிச்சாரு," என்றாள் லமுனு, மூச்சு வாங்கி. "தோளு கூரா இருக்குல்ல, அதத்தான். நான் பாத்தேன்."

நாகிவாலாவும் பார்த்தாள். அம்மாவின் விரல்கள் அவன் மணிக்கட்டைச் சுற்றிப் பூட்டியிருந்ததை. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியாமல் இருக்காது. "ஆமா, உடுப்பத்தான்," என்றாள்.

ஏறி வருவதற்குள் ஊருக்குள்ளும் மழை வந்துவிட்டது. ஒச்சான் ஒற்றைக்காலில் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றான். லமுனு அவன் தோளில் தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் அழுதாள், பிறகு மத்தோக்கே ஆறிவிட்டது என்று அவனைத் திட்டினாள். கிளம்பும்போது நலோங்கோவின் முன் முட்டி போட்டு விடைபெற்றாள். வடக்கத்தி முட்டி, பழக்கமில்லாமல் ஒருபக்கம் சாய்ந்தது. "தங்கமான பொண்ணு," என்றாள் நலோங்கோ. "எனக்கு வழி சொன்னா."

நாகிவாலா அம்மாவைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். வேறு எங்கே கூட்டிப்போவது? உலர்ந்த உடுப்பைக் கட்டிவிட்டு, பாயில் உட்காரவைத்து, அடுப்பைப் பக்கத்தில் இழுத்து வைத்தபோது வஸ்வா மறுபடி அழைத்தான். அம்மா கிடைத்துவிட்டாள் என்றதும் சத்தம் போட்டு அழுதான். பிறகுதான் அடுத்ததை நினைத்தான்.

"பாலம் முங்கிப்போச்சு, நான் வர முடியாது. அதுக்காக அம்மாவ உங்க வீட்லயா வைப்ப? மருமகன் வீட்ல? ஊரு என்ன பேசும்?"

"ஊர வந்து ஆத்துல இறங்கச் சொல்லுண்ணே."

"சரி, இன்னிக்குச் சரி. நாளைக்கு?"

அந்தக் கேள்விதான் ஆற்றங்கரையிலிருந்து அவள் கூடவே நடந்து வந்துகொண்டிருந்தது. கொக்கி போட்ட வீட்டுக்கு அம்மாவைத் திருப்பி அனுப்ப முடியாது. இங்கே வைத்துக்கொண்டால் லுபேகா எங்கே இருப்பான்? ஒரு நாள் கொட்டகையில் தூங்கலாம், ஒரு மாதம் தூங்கலாம். கூரை ஒன்று. அதற்குக் கீழே இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் இடம். யாரை வெளியே நிறுத்துவது என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

கைபேசியை வைத்தாள். வெளியே வாழைமரங்களுக்கு நடுவே யாரோ இருமினார்கள். லுபேகா. உடுப்பு மாற்றிக்கொள்ளக்கூட உள்ளே வர முடியாமல், ஒரு வாழை இலையை வெட்டித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

நலோங்கோ காதைத் தீட்டினாள். "யாரோ ஆம்பள வெளியில நிக்கறான் போலிருக்கு."

"ஆமாம்மா."

"மழையில நனையறானே. உள்ள கூப்பிடு. என்ன பொண்ணு நீ? வந்தவங்கள இப்படியா நிறுத்தி வைப்பாங்க?"

நாகிவாலா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கூப்பிட்டால் போதும். அவன் உள்ளே வந்து நெருப்புப் பக்கத்தில் உட்காருவான், அம்மா யாரோ வழிப்போக்கன் என்று நினைத்து ஊர் விசாரிப்பாள், சிரிப்பாள். நாளைக்கும் அப்படியே. அம்மாவுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. அம்மாவிடம் மிச்சமிருந்த ஒன்றே ஒன்றை, ஆற்றின் நடுவில்கூட அவள் கைவிடாத ஒன்றை, அவள் அறியாமல் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு சுலபம். ஏற்கனவே ஒரு தடவை எடுத்தாயிற்று, ஆத்தக் கடத்திவிடறவர் என்று சொல்லி.

இவ்வளவு நாள் அவள் அம்மாவைப் பற்றி இவனிடம் மறைத்தாள். இனி இவனைப் பற்றி அம்மாவிடம் மறைக்க வேண்டும்.

"அது உன் மருமகன்மா," என்றாள்.

நலோங்கோவின் கை தானாகத் தலைத்துணிக்குப் போனது. முகத்தை மூடிக்கொண்டாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் ஒத்துழைக்கவில்லை. கதவைப் பார்த்தாள், அந்தப் பக்கம் அவன். பின்கதவைப் பார்த்தாள், அந்தப் பக்கம் மழை. நாகிவாலா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இதோ வெளியே ஓடப்போகிறாள், சொல்லியிருக்கக் கூடாது, என்று நினைத்தாள்.

"இது அவன் வீடா?" என்றாள் நலோங்கோ துணிக்குள்ளிருந்து.

"ஆமா."

"அவன் வீட்ல நான் உக்காந்திருக்கேன், அவன் வெளியில நிக்கறானா?"

"ஆமாம்மா."

நலோங்கோ பாயை இழுத்தாள். உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து திரும்பி, மூலைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுப்புக்கும் கதவுக்கும் முதுகு.

"வரச் சொல்லு," என்றாள்.

அவன் உடனே வரவில்லை. நாகிவாலா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்து, எதிர்மூலைக்குப் போய், அவனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். காலையிலிருந்து அவன் சாப்பிட்டிருக்கவில்லை. நாகிவாலா இலையில் மத்தோக்கேயைச் சூடாக்கி வைத்து, குழம்பை ஊற்றிக் கொடுத்தாள். வாங்கிய கை நடுங்கியது. நனைந்தவன் கை. குளிர் என்றுதான் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கும் ஓர் இலையில் வைத்தாள். இரண்டு முதுகுகளுக்கும் நடுவே, அடுப்புக்குப் பக்கத்தில், அவள் உட்கார்ந்தாள்.

மழையின் சத்தத்தில் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"உப்பு போதுமான்னு கேளு," என்றாள் நலோங்கோ சுவரிடம்.

ஐந்து அடி தூரத்தில் இருந்தவனுக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். நாகிவாலா திரும்பி, "உப்பு போதுமான்னு அம்மா கேக்கறாங்க," என்றாள்.

லுபேகா கவளத்தை விழுங்கினான்.

"போதும்னு சொல்லு," என்றான்.